ஹாஜியாரின் வெள்ளை மணிக்கூடு

கண்ணகை கடைவாசலில் வந்து நின்றபோது அசனார் காக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மணிக்கூட்டுக்குள் மயிரிழைச் சுருளைப் பொருத்துகிற நேரத்தில் அவர் மூச்சு விடமாட்டார். விட்டால் சுருள் பறந்துவிடும். பிறகு நாள் முழுக்கத் தரையைக் கூட்டித் தேடவேண்டும். ஆகவே அவளை முதலில் கண்டது நல்லரத்தினம்தான்.

நல்லரத்தினம் அவளுடைய அண்ணன். மட்டக்களப்புத் துறையில் இருபத்திரண்டு வருடம் நாட்டாமையாக அரிசி மூட்டை சுமந்தவன். முதுகெலும்பு இனி மாட்டேன் என்று சொன்ன பிறகு, வாவிக்கரையோரம் காக்கா வைத்திருந்த மணிக்கூடு திருத்தும் கடையில் வந்து ஒதுங்கினான். வாவியின் உப்புக்காற்று ஊர் மணிக்கூடுகளையெல்லாம் துருப்பிடிக்க வைத்து அவர்கள் இருவருக்கும் சோறு போட்டது. மணிக்கூடு மட்டுமல்ல, பூட்டை உடைத்தது யார், காணி உறுதியில் பொய்க் கைநாட்டு வைத்தது யார் என்ற சிக்கல்களும் அந்தக் கடைக்கு வரும். காக்கா ஒன்றைத் திறந்து பார்க்காமல் வாய் திறக்கமாட்டார். நல்லரத்தினம் திறக்க முந்தியே சொல்லிவிடுவான்.

"என்ன கண்ணகை, இந்த வெயிலுக்குள்ள?"

"அவரக் கள்ளனெண்டு பிடிச்சு மறியல்ல போட்டுட்டாங்க அண்ணன்."

அவள் அழவில்லை. வழியிலேயே அழுது முடித்துவிட்டு வந்த முகம் அது.

காக்கா இடுக்கியை வைத்துவிட்டு மூச்சை விட்டார். "இரி புள்ள. முதல்ல இரிந்து சொல்லு."

அவள் புருசன் கோணாமலை ஓட்டமாவடிக்கு அடுத்த ஊரில், இப்றாஹிம் ஹாஜியாரின் அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். ஹாஜியார் படுக்கையில் விழுந்த மூன்று மாதமும் அவரைத் தூக்கிக் கொண்டுபோய்க் குளிக்க வார்த்ததும், பீத்துணி மாற்றியதும் கோணாமலைதான். ஹாஜியார் மௌத்தாகி நாற்பதாம் நாள் ஓதிக் கொடுக்கும் கத்தமும் முடிந்தது. மறுநாள் மகன் ஹலீம் அலுமாரியைத் திறந்திருக்கிறான்.

"ஒரு தோல்பெட்டியாம் காக்கா. உள்ளுக்கு ஒரு இங்கிலீசுக் கடுதாசி. ரயில் பாதை போடக்குள்ள கூலியாக்களுக்கு அரிசி குடுத்ததுக்காகத் துரை ஹாஜியாருக்குப் பொன் கைமணிக்கூடு குடுத்ததெண்டு எழுதியிரிக்காம். பெட்டி இரிக்கி, கடுதாசி இரிக்கி, மணிக்கூடு இல்ல. அந்த அறைக்குள்ள போய் வந்த வெளியாள் எங்கட மனிசன் ஒருத்தர்தானே."

"அடிச்சாங்களா?" என்று கேட்டார் காக்கா.

"பொலிசுல குடுக்க முந்தி அந்த வீட்டிலயே கட்டிவச்சு, எடுத்த கை எதெண்டு கேட்டுக் கேட்டு அடிச்சிரிக்காங்க. வலது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. வெள்ளிக்கிழமை கோட்டுக்குக் கொண்டு வருவாங்களாம். பேசுறதுக்குச் சட்டம் படிச்ச ஒரு பிறக்கிராசி வைக்கோணும். இதை வித்துத் தாங்க காக்கா. எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

முந்தானையிலிருந்து ஒரு சின்னப் பட்டுத்துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு வெள்ளைக் கைமணிக்கூடு இருந்தது. ஹாஜியாரின் கையில் ஊரே பார்த்த நிக்கல் மணிக்கூடு.

"நாப்பதாம் நாள் அவர்ட உடுப்புச் சாமானெல்லாம் ஏழை எளியதுகளுக்குக் குடுத்தாங்க. சட்டை, சாறனெல்லாம் மூட்டையா வாசல்ல வச்சித்தான் குடுத்த. இதை மட்டும் அவர்ட பொஞ்சாதி ஹவ்வா உம்மா என்னைத் திரைக்கு உள்ளுக்குக் கூப்பிட்டு, அவட கையாலயே தந்தா."

நல்லரத்தினம் கை நீட்டி வாங்கினான். உள்ளங்கை ஒரு அங்குலம் தாழ்ந்தது. கை இனி எதற்கும் ஆகாது, ஒரு மணிக்கூட்டுக்கே இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டு காக்காவிடம் கொடுத்தான்.

காக்கா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வார் பொருத்தும் இடத்திலும், தோலோடு உரசும் அடிப்புறத்திலும் வெள்ளை தேய்ந்து மஞ்சள் தெரிந்தது.

"பித்தளைக்கு வெள்ளை பூசியிரிக்கான்" என்றான் நல்லரத்தினம்.

"எத்தின வருசம் கட்டினார்?"

"ஒம்பது வருசம் இரிக்கும்" என்றாள் கண்ணகை.

"வேர்க்கிற மனிசனா?"

"எருமை மாதிரி வேர்க்கும் காக்கா. கிட்டங்கிக்குள்ள வந்து நிண்டாரெண்டா சட்டையப் பிழியலாம்."

"சுத்தமா இரிக்கி" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, காக்கா பின்மூடியைக் கத்திமுனையால் திறந்தார். கண்ணாடியை நல்லரத்தினத்திடம் கொடுத்தார். "என்ன தெரியுது, படி."

நல்லரத்தினம் எழுத்துக் கூட்டிப் படித்தான். "ஒரு பதினெட்டு. புள்ளி எழுபத்தஞ்சு. தனிய ஒரு இங்கிலீசு எழுத்து, எம் போல இரிக்கி. நம்பர், மூணு ஒண்டு எட்டு எட்டு நாலு. அதுக்குக் கீழ ஊசியால கீறின ஒரு பிறை. நாலு புள்ளி இருபத்தொம்பது." நிமிர்ந்தான். "பதினெட்டெண்டா உள்ளுக்குள்ள வச்ச கல்லுக் கணக்கு, என்ன காக்கா?"

"ம்" என்றார் காக்கா.

பிறைக் கீறல் நல்லரத்தினத்துக்குப் புதிதல்ல. திருத்துகிறவர்கள் தாங்கள் திறந்த மணிக்கூட்டின் மூடிக்குள் தங்கள் குறியையும் மாதத்தையும் ஊசியால் கீறி வைப்பார்கள். கட்டியிருப்பவன் அதை ஒருநாளும் பார்க்கமாட்டான். அடுத்துத் திறக்கிற திருத்துகாரன் மட்டும் பார்ப்பான்.

"தரக்குள்ள உம்மா என்ன சொன்னா?" என்று காக்கா கேட்டார்.

"பசி வந்தா வித்துத் தின்னு புள்ள எண்டா. ஆனா எங்கட ஊர்த் தட்டார்மாரிட்ட மட்டும் கொண்டு போயிராத, பட்டணத்துக்குக் கொண்டு போ எண்டா."

காக்கா மூடியை அழுத்தினார். அது 'டக்' என்று மூடிக்கொண்டது. பட்டுத்துணியில் பழையபடியே முடிந்து அவளிடம் கொடுத்தார்.

"இதை விக்க வேணாம். ஆருக்கும் காட்டவும் வேணாம். நாளைக்குக் காலம்புற ரயில்ல நாங்களும் வாறம்."

ரயிலில் நல்லரத்தினத்தால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "மகன்தான் எடுத்திரிக்கான் காக்கா. தான் எடுத்து ஆரிட்டயோ குடுத்திட்டு, பழியத் தூக்கி மச்சான்ட தலையில வைக்கான்."

"நீ மூட்டைய இறக்க முந்தி வண்டிய விட்டிருவாய்" என்றார் காக்கா. பிறகு வாழைச்சேனை வரும்வரை ஒரே ஒரு முறைதான் பேசினார். "அந்த நம்பர் ஞாபகம் இரிக்கா?"

"மூணு ஒண்டு எட்டு எட்டு நாலு." ஆயிரம் மூட்டையை விரல் மடக்காமல் எண்ணி இறக்கியவனுக்கு ஐந்து இலக்கம் ஒரு பாரமா?

ஹாஜியாரின் வீட்டு முன்மண்டபத்தில் ஹலீம் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது, அத்தர் வாசமும் புதுத் தொப்பியும். பக்கத்தில் பொலிசுக்கு முறைப்பாட்டை எழுதியனுப்பிய ஊர் அதிகாரி விதானையார். உள்ளறை வாசலில் தடித்த திரை. கணவன் இறந்து நான்கு மாதமும் பத்து நாளும் ஹவ்வா உம்மா இத்தாவில் இருக்கவேண்டும்; அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக்கூடாது. திரைக்குப் பின்னால் தஸ்பீஹ் மணி உருளும் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணகை மண்டபத்துக்குள் ஏறவில்லை, வாசல்படியில் நின்றாள்.

"மணிக்கூட்டுக்காரர் மணிக்கூடு தேடி வந்திரிக்காரு" என்று ஹலீம் சிரித்தான். "தேடுங்க, தேடுங்க. நாங்க தேடின இடத்திலயே தேடினா நேரம் மிச்சம். கள்ளன்ட வாயில."

"அவன்ட கையைத்தான் தேடியிரிக்கீங்களாமே" என்றார் காக்கா. "அந்தப் பெட்டிய ஒருக்காக் காட்டுங்க தம்பி."

பெட்டி வந்தது. உள்ளே வெண்பட்டு மெத்தை, மணிக்கூட்டின் அளவுக்கு ஒரு குழி. பட்டில் ஒரு கறை இல்லை, ஒரு கசங்கல் இல்லை.

"இதைப் பாருங்க விதானையார். வேர்க்கிற மனிசன் ஒரு நாள் கட்டிப்போட்டுக் கழட்டி வச்சிருந்தாலும் பட்டு மங்கிப் போயிரும். இந்தக் குழியில மணிக்கூடு ஒம்பது வருசமாப் படுக்கல்ல. ஒருக்கா எடுத்தது எடுத்ததுதான். அப்ப அது எங்க இருந்தது? சரி, அது கிடக்கட்டும். கடுதாசியோட கடைக்காரன்ட சிட்டை ஒண்டு இரிக்கும். அதில நம்பர் என்ன தம்பி?"

ஹலீம் சிட்டையை விரித்துப் படித்தான். "த்ரீ ஒன் எயிட் எயிட் ஃபோர்."

"மூணு ஒண்டு எட்டு எட்டு நாலு!" நல்லரத்தினம் கத்தியே விட்டான். அடுத்த கணம், தான் என்ன கத்தினோம் என்று விளங்கி வாயைப் பொத்திக்கொண்டான்.

காக்கா வாசல்படியைப் பார்த்துத் தலையசைத்தார். கண்ணகை முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளை மணிக்கூடு பெட்டியின் குழிக்குள் அளவெடுத்ததுபோல் போய்ப் படுத்தது.

"இது வாப்பாட நிக்கல் மணிக்கூடெல்லா?" என்றான் ஹலீம்.

"நிக்கல் மேலால மட்டும். கீழ பொன்." காக்கா விரலால் மஞ்சள் தெரிந்த இடத்தைத் தொட்டார். "பித்தளையா இருந்தா இந்த வாவிப் பக்கத்து உப்புக்காத்துக்கும் அவர்ட வேர்வைக்கும் பச்சை பூத்திரிக்கும். ஒம்பது வருசத்தில ஒரு பொட்டுப் பச்சை இல்ல. உள்ளுக்குப் பதினெட்டெண்டு அடிச்சிரிக்கி, அது கல்லுக் கணக்கு இல்ல. நூத்துக்கு எழுபத்தஞ்சு பங்கு பொன் எண்டதுக்கு இங்கிலாந்துல அடிக்கிற முத்திரை. வருசத்துக்கு ஒரு எழுத்தும் அடிப்பான். இந்த எழுத்து இருபத்தேழாம் வருசத்தது. துரை குடுத்தது எப்ப?"

"இருபத்தெட்டில."

"வாப்பா வெள்ளை மணிக்கூடு கட்டத் தொடங்கினது?"

ஹலீம் யோசித்தான். "அதுக்கு அடுத்த வருசம். ரயில்ல கொழும்புக்குப் போய் வந்த நேரம்."

"கொழும்புல பூச்சு வேலை செய்யிற ஒருத்தர்ட குறி பிறை. எங்கட தொழில்காரர் எல்லாருக்கும் தெரியும். மூடிக்குள்ள பிறையும் கீறி, இருபத்தொம்பது சித்திரை எண்டும் கீறியிரிக்கி. பொன்னுக்கு மேல வெள்ளை பூசினது அண்டைக்குத்தான்."

"பொன்னுக்கு மேல எந்தப் பைத்தியக்காரன் நிக்கல் பூசுவான்?" என்றார் விதானையார்.

"பொன் ஆகாத மனிசன் பூசுவான். எங்கட மார்க்கத்தில ஆம்பிளைக்குப் பொன் கட்டுறது ஹறாம். துரை குடுத்ததைக் கழட்டி வைக்கவும் மனசில்ல, பொன்னோட பள்ளிக்குப் போகவும் ஏலாது."

ஹலீமின் முகம் கறுத்தது. "என்ட வாப்பா பள்ளியில முன் ஸப்புல, முதல் வரிசையில நிண்டு தொழுத மனிசன்!"

"அதனாலதான் பூசினார் தம்பி. பின் ஸப்புக்காரனை ஆரு பார்க்கப் போறா?"

விதானையார் மெல்ல எழுந்தார். அவருக்கு வேறொன்று விளங்கியிருந்தது. "அப்ப, களவு போன பொன் மணிக்கூடு இத்தின நாளும் கோணாமலை வீட்டிலதான் இருந்திரிக்கி. மணிக்கூட்டுக்காரரே ருசுப்படுத்திப்போட்டார்."

தங்கச்சியின் முகத்தைப் பார்க்க நல்லரத்தினத்துக்குத் துணிவில்லை. காக்கா எதற்கு வாய் திறந்தார்? நிக்கலாகவே கிடந்திருந்தால் பிறக்கிராசிக்காவது ஆகியிருக்குமே.

"களவு எடுத்தவன் வித்திரிப்பான், இல்லாட்டி ஒளிச்சிரிப்பான்" என்றார் காக்கா. "இதை நாப்பதாம் கத்தத்தில இந்த வீட்டு ஆக்களே குடுத்தது. உம்மாவே உள்ளுக்குக் கூப்பிட்டுக் குடுத்தது."

"நிக்கல் எண்டு நினைச்சுக் குடுத்தது!" ஹலீம் பாய்ந்தான். "உம்மாக்கு என்ன தெரியும்? பொன்னெண்டு தெரிஞ்சா குடுப்பாவா? எங்கட சாமான எங்களுக்குத் தரோணும்."

காக்கா திரைப்பக்கம் திரும்பி, தலையைக் குனிந்துகொண்டார்.

"உம்மா, ஒரு கேள்வி. மன்னிச்சுக்கொள்ளுங்க. நிக்கல் மணிக்கூட்டை வாங்கினவள் அதை மணிக்கூட்டுக் கடைக்குக் கொண்டு போவாள். பொன் உரைச்சுப் பாக்கிற தட்டாரிட்ட என்னத்துக்குக் கொண்டு போவாள்? போயிராத எண்டு ஏன் சொன்னீங்க?"

தஸ்பீஹ் மணி நின்றது.

வெளியே கிட்டங்கியில் யாரோ மூட்டையைப் போடும் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று. நல்லரத்தினம் தன்னையறியாமல் எண்ணினான். ஏழாவது மூட்டைக்குத்தான் திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தெரிஞ்சுதான் குடுத்த."

"உம்மா!"

"சும்மா இரி ஹலீம். வாப்பா சொன்னார். படுக்கையில கிடந்து மூணு தரம் சொன்னார். இதைக் கோணாமலைக்குக் குடு, அவனுக்குப் பொன் ஹறாம் இல்ல எண்டார். மகனிட்டக் குடுத்தா அவனும் என்னைப் போல ஒளிச்சுத்தான் கட்டுவான், என்ட பாவம் என்னோட போகட்டும் எண்டார்."

"மச்சானைக் கட்டிவச்சு அடிக்கக்குள்ள நீங்க எங்க இருந்தீங்க?" நல்லரத்தினம் கேட்டுவிட்டான். பெரிய வீட்டில் குரலை உயர்த்தியது அவன் வாழ்நாளில் அதுதான் முதல்முறை.

"இங்கதான்" என்றது குரல். "இந்தத் திரைக்குப் பின்னால. ரெண்டு அறை குடுத்திட்டு விட்டிருவாங்க எண்டு நினைச்சன். வாயத் திறந்தா ஊரு என்ன சொல்லும்? ஹாஜியார் ஒம்பது வருசம் பொன்னக் கட்டிக்கொண்டு தொழுதாரெண்டு சொல்லும். மௌத்தான மனிசன்ட கப்றுல துப்புவாங்க."

பிறகு பேசியது விதானையார். அவர் இப்போது நல்ல மனிதராகிவிட்டார். முறைப்பாட்டை வாபஸ் வாங்கலாம். வெள்ளிக்கிழமையே ஆளை வெளியில் எடுக்கலாம். மணிக்கூடு அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாக ஊருக்குச் சொல்லலாம். "ஆனா புள்ள, மணிக்கூடு உங்கட வீட்டில இருந்தா அந்தக் கதை நிக்காது. உன்ட விருப்பம். உரிமை உனக்குத்தான்."

நல்லரத்தினம் பதறினான். "குடுக்காத கண்ணகை. உனக்குத் தந்தது. உம்மாவே ஒத்துக்கொண்டுட்டா."

கண்ணகை படியில் நின்றபடியே திரையைப் பார்த்தாள். "உம்மா, இத்தா முடிஞ்ச பிறகு நீங்க நாலு பேருக்கு முன்னால இதைச் சொல்லுவீங்களா?"

திரை அசையவில்லை.

"பாத்தியா அண்ணன். சொல்லமாட்டா. பொன் மணிக்கூட்டை வச்சிரிந்தா சாகுமட்டும் என்ட புருசனைக் கள்ளன் எண்டுதான் சொல்லுவாங்க. மூட்டை தூக்கிறவன்ட வீட்டுப் பொன்னை ஆரு தானமெண்டு நம்புவா?"

அவள் மண்டபத்துக்குள் ஏறினாள். மணிக்கூட்டைப் பட்டுத்துணியோடு எடுத்துத் திரையின் அடியில் தரையில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு கையும் நீளவில்லை. கடைசியில் ஹலீம்தான் குனிந்து எடுத்தான்.

ரயிலுக்கு நடக்கும்போது காக்கா சொன்னார். "முதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல. உன்ட கை. நேத்து வாங்கக்குள்ள தாழ்ந்திச்சே, நான் பார்த்தன். நிக்கலுக்கு அந்தப் பாரம் இல்ல. மூட்டை சுமந்தவன்ட கை சொன்னதை நீயே நம்பல்ல."

நல்லரத்தினம், தன் கை சொன்னதை நம்பியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தான்.

கோணாமலை வெள்ளிக்கிழமை வெளியே வந்தான். மணிக்கட்டு கோணலாகவே பொருந்தியது. பெரிய வீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி அனுப்பினார்கள். அதைச் சுமந்துவந்து வாசலில் போட்டது, கிட்டங்கியில் கோணாமலையின் இடத்துக்குச் சேர்ந்த புது நாட்டாமை.

பங்குனி மாதம் ஹலீம் வாவிக்கரைக் கடைக்கு வந்தான். சால்வைக்குள்ளிருந்து வெள்ளை மணிக்கூட்டை எடுத்து மேசையில் வைத்தான். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"பூச்சு உரிஞ்சிரிக்கி. மஞ்சள் தெரியுது. திருப்பிப் பூசித் தாங்க."

நல்லரத்தினம் காக்கா அதைத் தூக்கி வாவியில் எறிவார் என்று காத்திருந்தான். காக்கா எறியவில்லை. கொழும்புக்கு அனுப்பத்தான் வேண்டும், மூன்று கிழமை செல்லும் என்றார்.

சித்திரையில் அது புதுப்பெண்போல் வெளுத்துத் திரும்பி வந்தது. காக்கா பின்மூடியைத் திறந்தார். ஊசியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் கீறினார். தன் குறியைக் கீற அவருக்கு அவ்வளவு நேரம் எடுப்பதில்லை. பிறகு கண்ணாடியை நல்லரத்தினத்திடம் நீட்டினார்.

பழைய பிறைக்குக் கீழே எறும்பு வரிசைபோலத் தமிழ் எழுத்து. நல்லரத்தினம் ஒவ்வொன்றாகக் கூட்டினான். 'கோணாமலை எடுக்கவில்லை. கொடுத்தது. 4.38.'

"இதை ஆரு காக்கா படிக்கப்போறா?"

"அடுத்துத் திறக்கிற திருத்துகாரன்."

"அவனுக்குத் தமிழ் தெரியாட்டி?"

காக்கா மூடியை அழுத்தினார். 'டக்' என்றது.

மத்தியானம் ஹலீம் வந்து கூலியைக் கொடுத்தான். மணிக்கூட்டை இடது கையில் கட்டி, வாரை இறுக்கி, நேரம் பார்த்தான். லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்தான்.